கண்டக்டர் வாங்கிய ஜப்பான் கத்தி

கத்தி விற்பவனுக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு: சரக்கு நல்லது என்பதை வாங்க வந்தவர் மீது நிரூபித்துக் காட்ட முடியாது. பாத்திரக்கடையில் பதினெட்டு வருஷம் நின்றவன் நான். துணிக்கடையோ மருந்துக்கடையோ, முதலாளியின் நாற்காலியை ஏக்கத்தோடு பார்த்தபடி நின்றே காலம் தள்ளிய சகோதரர்களுக்கு என் கால்வலியை விளக்க வேண்டியதில்லை.

காய் நகருமா, கத்தி நகருமா

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் அரியலூர்க் கடைக்கு ஏழு ஜப்பான் கத்திகள் வந்து சேர்ந்தன. முதலாளியின் மைத்துனர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர்; வேலையை விட்டு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். மூன்று வகை. கறிக்கு நீண்ட கூர்முனைக் கத்தி, பழத்துக்குச் சிறியது, காய்க்கு மூக்கு சப்பையான அகலக் கத்தி. எப்படிப் பிடிப்பது, எப்படித் தீட்டுவது என்று எனக்கு அவரே சொல்லிக் கொடுத்தார். நான் அதோடு விடாமல், இரும்பைப் பற்றி நூலகத்தில் இருந்த இரண்டு புத்தகங்களையும் படித்தேன். பழந்தமிழில் எஃகு என்றால் வேல் என்றும் பொருள் உண்டு என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

ஒன்றுகூட விற்கவில்லை. நம் பெண்கள் அரிவாள்மனையில் அரிகிறவர்கள். பலகையைக் காலால் அழுத்திக்கொண்டால் இரண்டு கையும் காய்க்குத்தான். கல்யாணச் சீர் வாங்க வந்த ஒரு அம்மாள் என் பிரசங்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க வூட்ல கத்தி சும்மா இருக்கும், காய்தான் நவுரும். இதுல எல்லாம் தலகீழா இருக்கே தம்பி."

சனிக்கிழமை வந்தவர்

சனிக்கிழமையில் இரும்பு வாங்க எங்கள் பக்கத்தில் யாரும் துணியமாட்டார்கள். அன்று பார்த்து ஒருவர் கத்தி கேட்டார். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை. திருமழபாடி போகும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் கலியபெருமாள். "நாளைக்கு வாங்களேன்" என்றேன். "இனிமே எனக்கு என்ன கெட்டது வரப்போவுது, எடுங்க சார்" என்றார்.

கத்தி தேர்ந்தெடுக்க நான் வைத்தியர் மாதிரி கேள்வி கேட்பேன். சமைப்பது யார்? மனைவி தனலட்சுமி. எதை வெட்டுவார்? காய்தான் பெரும்பாலும், மீன் எப்போதாவது. உட்கார்ந்து வெட்டுவாரா, நின்று வெட்டுவாரா? தோல்பையை இறக்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். ஆறு மாதத்துக்கு முன் அந்த அம்மாள் பஸ்ஸிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். தடி ஊன்றி நிற்கலாம். தரையில் உட்கார முடியாது. "மேடை கட்டிக் குடுத்துட்டேன். நின்னுக்கிட்டே அரியற மாதிரி ஒண்ணு வேணும். விழுந்த நாள்லேர்ந்து அவ எங்கிட்ட பேசறதில்ல சார். இதப் பாத்தாவது ஒரு வார்த்தை பேசுவாளான்னுதான்."

மூக்கு சப்பைக் கத்தியை எடுத்து வைத்தேன். வைத்த கை சும்மா இருந்தது, வாய் சும்மா இருக்கவில்லை. "எந்த பஸ்ஸுங்க அது? அந்தக் கண்டக்டருக்குக் கண்ணு இல்லியா?" என்று கேட்டேன். அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நம்ம பஸ்தான் சார். நான்தான் விசில் அடிச்சேன்."

பெயர் ஏறாத இரும்பு

எங்கள் கடையில் வாங்கும் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டித் தருவது வழக்கம். கத்தியிலும் 'தனலட்சுமி' என்று வெட்டித் தரச் சொன்னார் கலியபெருமாள். பெயர் வெட்டும் கோவிந்தன் உளியை வைத்துத் தட்டினான். வழுக்கியது. மூன்றாவது தட்டில் உளிமுனை தெறித்து எங்கோ போய் விழுந்தது. கத்தியில் ஒரு கீறல்தான் மிச்சம். அது எந்த எழுத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். ஜப்பான் எஃகின் கடினத்தை நான் விளக்கத் தொடங்கினேன். கோவிந்தனுக்கு அது தேவைப்படவில்லை. வந்தவர் கதை எதுவும் தெரியாமல், அவர் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்: "எவர்சில்வர்னா கட்டுன பொண்டாட்டி மாதிரிங்க, என்ன அடிச்சாலும் வாங்கிக்கும். இது வாங்காது."

கத்தரிக்காய்ப் பாடம்

இரண்டு வாரம் கழித்து அதே கத்தியோடு கலியபெருமாள் மறுபடி வந்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு முறியும் என்பார்கள். அதனால் மேடையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறார். அந்த அம்மாள் அதைத் தொடவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து அரிந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். "அப்ப நானே அரியறேன். சொல்லிக் குடுங்க சார்" என்றார்.

கடைக்குப் பின்னால் ஒரு பலகையும் கால் கிலோ கத்தரிக்காயுமாகப் பாடம் நடந்தது. இடது கை விரல்களை உள்ளே மடக்கு, கத்தியை விரல் முட்டியில் சாய்த்து ஓட்டு என்றேன். ஓடுகிற பஸ்ஸில் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த கை, நின்ற இடத்தில் இரண்டு விரலை வெட்டிக்கொண்டது. ஆனாலும் கற்றுக்கொண்டார். தினமும் முதல் டிரிப்புக்கு முன்னால் காய் அரிந்து மேடையில் வைத்துவிட்டுப் போவார். அந்த அம்மாள் அதை எடுத்துச் சமைப்பார். பேச்சு மட்டும் இல்லை. அரியலூரில் வண்டி நிற்கும் பத்து நிமிஷத்தில் கடைக்கு ஓடிவந்து எனக்குச் செய்தி சொல்வார். ஒருநாள் சொன்னது: "வெண்டைக்காய வேணும்னே கட்டை கட்டையா அரிஞ்சு வெச்சேன் சார், திட்டவாவது செய்வான்னு. அதையும் அப்படியே வதக்கிப் போட்டுட்டா."

திருகு வாங்க வந்தவர்

அடுத்த மாதம் ஒரு அம்மாள் தடி ஊன்றிக் கடைப்படி ஏறினார். "கத்தி குடுத்தவரு நீங்கதானா?" என்று கேட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு பலகையை எடுத்து வைத்தார். எங்கள் ஜப்பான் கத்தி அதில் நட்டுக்குத்தலாக நின்றது. ஊர்க் கொல்லரிடம் கொடுத்து, கைப்பிடியைக் கழற்றி, நெருப்பில் காய்ச்சி வளைத்து அரிவாள்மனையாக்கியிருந்தார். மேடைமேல் வைத்தால் காலால் அழுத்த முடியாது; மேசை விளிம்பில் மாட்டும் தேங்காய்த் துருவிக்கு இருப்பதுபோல ஒரு திருகு வேண்டுமாம்.

"நெருப்புல காட்டினா பதம் போயிடுமேம்மா" என்றேன்.

"போவட்டும். எனக்குக் காய்தான் நவுரணும். நானே அரிஞ்சுக்குவேன். காலையில அவரு அரிஞ்சு வெக்கறது இனிமே வேணாம்."

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்காகக் கைய வெட்டிக்கிட்டுக் கத்துக்கிட்டாரும்மா. ஏதோ பாக்காம விசில் அடிச்சுட்டாரு. ஒரு வார்த்தை பேசக்கூடாதா?" என்றேன்.

நான் எடுத்துக் கொடுத்த திருகைப் பலகையில் பொருத்தி, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பாக்காமயா? படியில நின்னு, அவரு மூஞ்சியப் பாத்துத்தான் 'செத்த இருங்க, எறங்கிக்கறேன்'னேன். பஸ் முழுக்க ஆளு. பொண்டாட்டிக்காக வண்டிய நிறுத்தி வெச்சிருக்கான்னு எவனும் சொல்லிடக்கூடாதுன்னு ரெட்டை விசில் குடுத்தாரு. வேற எவ எறங்கியிருந்தாலும் நிறுத்தியிருப்பாரு தம்பி."

எந்தக் கத்தி எதை அரியும் என்று அரைமணி நேரம் பேசத் தெரிந்த நான், அன்று திருகோடு பலகையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாள் கடைசிப் படி இறங்கும் வரை வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.