செல்லியம்மாளின் ஈரத்துணி

செல்லியம்மாளுக்கு வெட்கம் என்று ஒன்று இருப்பதாகவே மணலூர்பேட்டைப் பக்கத்துக் கரும்பு வெட்டும் ஆட்கள் யாரும் நம்பியதில்லை. நிலத்துக்காரர் பூமாலையிடம், அவர் வரப்பிலேயே நின்று, "இன்னா மொதலாளி, வருசா வருசம் தொப்பைதான் ஜாஸ்தியா வெளையுது" என்று சொன்னவள். புருஷன் மாயவனின் குறட்டையைக் கும்பல் நடுவே நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கியவள். அப்பேர்ப்பட்ட வாய்க்கும் ஒரே ஒரு விஷயத்தில் பூட்டு விழுந்துவிடும். வெட்டு நடக்கும்போது அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் ஒதுங்க வேண்டுமே! கரும்பு நிற்கும் வரை மறைவு உண்டு. வெட்டிச் சாய்க்கச் சாய்க்க வயல் மொட்டையாகிவிடும். அப்புறம் சுற்றிலும் ஆண்கள், டிராக்டர்காரன், ரோட்டில் போகிற பஸ். ஆண்களுக்கென்ன, முதுகைத் திருப்பினால் வேலை முடிந்தது. பெண்கள் காலையில் அடக்க ஆரம்பித்தால் சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்தால்தான் உண்டு.

இந்தப் பங்குனியில் சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து தேவிப்ரியா என்ற பெண் வந்து, எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டையை மாட்டிவிட்டாள். அது தோலின் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். பச்சை எரிந்தால் நல்லது. சூடு ஏறினால் சிவப்பு எரிந்து கிர்ரென்று அதிரும். உடனே கத்தியைப் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும்.

"குடிக்கலன்னா?" என்று கேட்டாள் செல்லியம்மாள்.

"மயக்கம் வரும்க்கா. உயிருக்கே ஆபத்து."

"எங்க வூட்ல அவுரு குடிச்சாதான் மேடம் ஆபத்து."

மாயவன் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். பேச்சு திசைமாறிப் போயிற்று. அதற்காகத்தான் அவள் அதைச் சொன்னதே.

முதல் நாள் மாயவனின் பட்டை அதிர்ந்ததும் அவன் மந்திரி மாதிரி வேப்ப நிழலில் காலை நீட்டிவிட்டான். செல்லியம்மாளுடையது அதிர்ந்தபோது தேவிப்ரியா சொம்போடு வந்து எதிரிலேயே நின்றாள். இவள் வாய் கொப்பளித்துத் துப்பிச் சமாளித்தாள். மறுநாள் வழி கிடைத்துவிட்டது. பழந்துணியைக் குடத்தில் நனைத்துப் பட்டையின் மேல் சுற்றிக்கொண்டாள். கேட்டால், கரும்பின் சோகை இலை கையைக் கிழிக்கிறதாம். அன்று முழுக்கப் பச்சை. ஒரே வாரத்தில் கும்பலின் பெண்கள் எல்லாருக்கும் சோகை கிழித்தது. பட்டைகளின் கணக்கு வந்து விழும் செல்போனைத் தேவிப்ரியா பார்த்துப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

"பொம்பளைங்களுக்குச் சூடே ஏறலையேக்கா!"

"எங்க ஒடம்பு ஐசு மேடம்."

எழில்மதிக்குத் துணியைச் சுற்றிவிட்டதும் செல்லியம்மாள்தான். மாயவனின் அண்ணன் மருமகள். தையில் கல்யாணம் ஆனவள். கரும்புக் கத்தி பிடிப்பது இதுதான் முதல் முறை. "தண்ணியக் குடிச்சிட்டு அப்புறம் முழிச்சிக்கினு நிக்காத" என்று புத்தி வேறு சொல்லி வைத்தாள்.

ஒருநாள் உச்சி வெயிலில் எழில்மதி கரும்போடு பேச ஆரம்பித்தாள். "அம்மா, கதவச் சாத்து" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்து, "தாழ்ப்பாளும் போட்டுடட்டுமா?" என்றாள் செல்லியம்மாள். அடுத்த நிமிடம் அந்தப் பெண் சோகை மேல் விழுந்தாள். தொட்டால் உடம்பு அடுப்பிலிருந்த தோசைக்கல். ஈரத்துணிக்கு உள்ளே பட்டை மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, நான்தான்டி கொன்னுட்டேன்" என்று கத்தினாள் செல்லியம்மாள்.

மோட்டார் கொட்டகைத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தேவிப்ரியா நூற்றியெட்டுக்குப் போன் போட்டாள். வண்டி வரும் வரை செல்லியம்மாள் தொட்டிக்குள் நின்று, எழில்மதியின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் பெயர் சொல்லித் திட்டினாள். பயத்தில் அவளுக்குக் கும்பிட வரவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பொழுது சாயும் நேரத்தில் எழில்மதி கண் விழித்து, "சின்னத்தே" என்றாள். அதற்கப்புறம்தான் செல்லியம்மாளுக்கு அழுகை வந்தது. வராந்தாவில் தேவிப்ரியாவிடம் துணி, தண்ணீர், ஒதுங்குகிற சங்கடம் எல்லாவற்றையும் கொட்டினாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். தேவிப்ரியா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். மூடியே திறக்கவில்லை.

"நானும் வயலுக்கு வந்தா குடிக்கிறதில்லக்கா."

செல்லியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சிக்கூட இதுக்கு ஒரு வழி தெரியலியா?" என்றாள். சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

மறுநாள் வயலின் மேற்கு மூலையில் கொஞ்சம் கரும்பை வெட்டாமல் விடச் சொன்னாள் செல்லியம்மாள். பூமாலை எகிறினார். "வண்டி நிக்குது, லோடு கம்மியாப் போவுது. அந்த மூலையில இன்னா பொதையலா கீது?"

பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். செல்லியம்மாள் குடத்தருகே போனாள். குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால் அண்ணாந்து குடித்தாள். இன்னொரு சொம்பும் குடித்தாள்.

"மூத்திரம் போவணும் மொதலாளி, மறைவு வேணும். அந்தக் கரும்ப வெட்டினீங்கன்னா, தோ, இங்கியே உக்காருவேன். நின்னு பாக்கறவங்க பாத்துக்கலாம்."

டிராக்டர்காரன் முதலில் முதுகைத் திருப்பினான். பிறகு மாயவன், பிறகு மற்ற ஆண்கள். பூமாலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வுடுங்கப்பா, அந்த மூலைய வுட்டுடுங்க" என்று முனகியபடி ரோட்டைப் பார்த்து நடந்தார்.

செல்லியம்மாள் மறுபடி சொம்பை மொண்டு தேவிப்ரியாவிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீ குடி."