சித்தப்பாவின் றெக்கை

என் தையல் கம்பெனியில் ஒரு பெண் தோள் வலிக்கிறது, கை மேலே எழும்பவில்லை என்று வந்து நின்றால், சூப்பர்வைசர் நடிப்பு என்பான். நான் வாதம் செய்வதில்லை. சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளச் சொல்லி முதுகைப் பார்ப்பேன். பிறகு என் காரிலேயே நரம்பு டாக்டரிடம் அனுப்புவேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். இன்று அம்பத்தூரில் சொந்தக் கட்டடம். பள்ளிக்கூடத்தில் நான் படிக்காத பாடங்களில் இதுவும் ஒன்று. இதைச் சித்தப்பாவின் முதுகில் படித்தேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. எங்கள் வீடு ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில். அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். ஆவடி அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. ஒரு கோடையில் அவருடைய வலது தோளில் வலி வந்தது. வலி மெல்ல அடங்கியது. ஆனால் கை தோளுக்கு மேல் போகவில்லை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் பழுதில்லை என்று வந்தது. அதோடு அவர் மானம் போயிற்று.

“எலும்பு நல்லாக்கீதாமே! அப்பால இன்னாத்துக்குடா ஆக்டிங் உட்டுனுகீறே?” என்று மண்டி மேஸ்திரி தெருவில் நின்றே கேட்டார்.

அம்மாவும் விடவில்லை. “துன்றப்போ மட்டும் கை வாய்க்கு நல்லா போவுது. மூட்டைன்னா மட்டும் மேல போவாதா?”

சித்தப்பா பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவார்.

எனக்கோ அந்தத் தோளால் கொண்டாட்டம். அவர் சட்டையில்லாமல் கதவைத் தள்ளியபோது, வலது தோள்பட்டை எலும்பு முதுகை விட்டுக் கோழி றெக்கைபோல எழும்பியது. முதலில் கண்டுபிடித்தது நான்தான். “றெக்கை மொளைக்குது பாப்பா. முழுசா மொளைச்சா உன்னைத் தூக்கினு பறப்பேன்” என்பார். தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து காட்டுவேன். அம்மா மட்டும் பார்த்ததில்லை. அண்ணி எதிரில் அவர் சட்டையைக் கழற்றமாட்டார்.

கடைசியாகப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். “ஆஸ்பத்திரிக்குத்தான் போறானா, சினிமாவுக்கான்னு பாத்துனு வா” என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள்.

டாக்டரம்மா கையைத் தூக்கச் சொன்னார், ஊசி முனையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிச் சுவரைத் தள்ளச் சொன்னார்.

“ஐ, றெக்கை! ஊட்ல தெனம் காட்டுவாரு!” என்று கத்தினேன்.

“நாங்களும் இதை றெக்கைன்னுதான் சொல்லுவோம்” என்றார் டாக்டரம்மா, சிரிக்காமல். கழுத்திலிருந்து விலா ஓரமாக ஒரு நரம்பு இறங்குகிறதாம். பட்டை எலும்பை முதுகோடு பிடித்துவைக்கும் சதை அதன் பேச்சைத்தான் கேட்குமாம். மூட்டை அழுத்தி அழுத்தி அந்த நரம்பு நசுங்கியிருக்கிறது. எக்ஸ்ரேயில் அது தெரியாது. சரியாகலாம், ஆகாமலும் போகலாம். மூட்டை மட்டும் இனித் தூக்கக் கூடாது.

“அப்போ நான் நடிக்கலீங்களே?”

“இதை நடிக்கவே முடியாதுப்பா.”

சித்தப்பா சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார்.

திரும்பும் ரயிலில், போகும்போது காட்டியதுபோல அண்ணனூர் ஷெட்டில் வரிசையாக நின்ற ரயில்களை அவர் எனக்குக் காட்டவில்லை. “ஊசியே போடல, இன்னாத்துக்கு அழுத?” என்றேன்.

“சந்தோசம் பாப்பா.”

மண்டி வேலை போயிற்று, றெக்கையும் வியாதி என்றாகிவிட்டது. இதில் என்ன சந்தோஷம்? பெரியவர்களுக்குப் புத்தி கொஞ்சம் மட்டுதான் என்று முடிவுகட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒப்பித்தேன். “சினிமாவுக்குப் போவலம்மா. நடிக்கவே முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதுக்குப் போயி அழுதாரு!”

அம்மா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் தட்டு நிறையச் சோறு போட்டுச் சித்தப்பாவின் முன்னால் வைத்தாள். அவர் கை வாய்க்குப் போவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். யாரோ வரப்போகிறார்கள் என்று நானும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று தெருவைப் பார்த்தேன்.

யாரும் வரவில்லை.