சம்மனசுச் சிறகுக்குத் தீக் காட்டியவள்

தங்கச்சிமடத்தில் மாதா திருநாள் சப்பரத்துக்கு முன்னால் சின்னப்பிள்ளைகள் சிறகு கட்டி, சம்மனசு வேஷத்தில், அதாவது தேவதூதர் வேஷத்தில் நடப்பார்கள். டைபாய்டில் கிடந்த மகள் பிழைத்தால் வெள்ளிச் சிறகு கட்டி நடக்கவைப்பதாக என் பெண்டாட்டி மாதாவிடம் நேர்ந்திருந்தாள். பிள்ளை பிழைத்தது. ஆனால் வழக்கமாகச் சிறகு செய்கிற ஜிகினாத் தாள் எங்கள் ஊர்க் கடல்காற்றுக்கு ஆகாது. ஒரு தெரு சுற்றுவதற்குள் நமத்துத் தொங்கும். அதை விற்கிறவனை உதைக்க வேண்டும்.

பிளாஸ்டிக் தாள் கடைகளுக்கு வர ஆரம்பித்த சமயம். அதை வெட்டிச் சிறகாக்கி வெள்ளிப் பெயிண்ட் அடித்தாள். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி மின்னியது. மகள் கட்டிக்கொண்டு ஒருதரம் குனிந்தாள். அவ்வளவுதான், பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

என் தம்பி சிரித்தான். "என்ன மதினி, சம்மனசுக்குச் செதில் உரியுது? மீனையா பெத்து வச்சிருக்கீக?"

"போலே. ஒங்க அண்ணன் மூஞ்சிக்கு மீனாவது பொறந்துச்சே."

வாய்தான் அப்படி. முகம் செத்துப்போயிருந்தது. மறுநாள் சாயங்காலம் சப்பரம்.

காலையில் தம்பி தன் வத்தைப் படகைக் கவிழ்த்துப்போட்டு, எண்ணெய் பூசுவதற்கு முன் அடிப்பலகைக்கு ஓலைத்தீ காட்டிக்கொண்டிருந்தான். இவள் போய் நின்றாள்.

"ஏலே, தீக் காட்டாமப் பூசுனா?"

"பலகை குடிக்காது மதினி. வழிஞ்சிரும்."

வேகமாக வீட்டுக்கு வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

"மரமும் பிளாஸ்டிக்கும் ஒண்ணாடி? கூறுகெட்டவளே!" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் துண்டு சுட்ட கணவாய் மீன்போலச் சுருண்டது. அடுத்ததை நீலச் சுடருக்கு மேலே சட்டென்று வீசி இழுத்தாள். அதில் தண்ணீர் தெளித்தாள். முன்பெல்லாம் முத்துமுத்தாக உருண்டு ஓடிய தண்ணீர் இப்போது பரவிப் படிந்தது. அதன்மேல் பெயிண்ட் அடித்தாள். காய்ந்தபின் மருந்துப் பிளாஸ்திரியை ஒட்டிப் பிய்த்தாள். பிளாஸ்திரி வெறுமையாக வந்தது. வெள்ளி தாளோடு இருந்தது.

இன்று கம்பெனிகளில் பிளாஸ்டிக் தாளில் உலோகப் பூச்சு ஏற்றுவதற்கு முன் தீயோ மின்சாரமோ காட்டுகிறார்களாம். அவள் எந்தக் கம்பெனியைக் கண்டாள்? மரத்துக்குச் சொன்னதைப் பிளாஸ்டிக்கில் செய்து பார்க்கிற துணிச்சல் எனக்கு இல்லை, அவளுக்கு இருந்தது. நான் மெச்சுகிறவர்கள் குறைவு. இவளை மெச்சித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் மகள் அப்படித் தீக் காட்டிச் செய்த புதுச் சிறகோடு சப்பரத்துக்கு முன்னால் நடந்தாள். காற்று சிறகைப் போட்டு அடித்தது, ஒரு பொருக்கும் உதிரவில்லை. தம்பி பக்கத்தில் போய் நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"கைய எடுலே!" என்று என் பெண்டாட்டி ஜெபமாலையை நிறுத்திவிட்டுக் கத்தினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து 'அருள்நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கினாள்.