தேதியிடாத மனு

திருச்சுழி வட்டாட்சியர் அலுவலகத்தின் எதிரே, வேப்பமர நிழலில் மேசையிட்டு மனு எழுதிக்கொண்டிருந்தபோது அச்செய்தி என்னை வந்தடைந்தது. பகல் ஒன்று பத்துக்கு வரும் அருப்புக்கோட்டைப் பேருந்தின் நடத்துநர், வண்டியை நிறுத்தச் சொல்லி, பையைக் கக்கத்தில் இடுக்கியபடி இறங்கி வந்தார். "நம்ம சவரிமுத்து அண்ணாச்சி தவறிட்டாகளாம். வடக்க லாரியில போயிருந்தாகல்ல, திரும்பி வாரப்ப, ஒக்காந்த வாக்கிலயே போயிட்டாக" என்றார். 'பணிவுடன்' என்ற சொல்லின் பாதியில் என் பேனா நின்றது.

ஓட்டுநர் சவரிமுத்து அவர்களை அறிந்தோர் இவ்வட்டாரத்தில் அநேகர். அருப்புக்கோட்டைக்கும் நரிக்குடிக்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள் ஒரே தடத்தில் அரசுப் பேருந்து ஓட்டியவர். அவருடைய பொறுமையையும் சிரிப்பையும் அவர் வண்டியில் பயணித்த நீங்களே அறிவீர்கள். அவற்றை நான் விவரிக்கப் போவதில்லை. நீங்கள் அறியாத ஒன்றை, நான் அவருக்குச் செய்த ஒன்றைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்புடன் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள் நான். என் தமிழ் முழுமையும் நாளிதழ்களிலிருந்து நானே தேடிக்கொண்டது. அந்த நாளிதழ்களைக் கொணர்ந்து தந்தவர் அவர். டிப்போவில் அனைவரும் படித்து முடித்த முந்தைய நாள் தாளை மடித்து வைத்திருப்பார். என் மேசையருகே வண்டியை மெதுவாக்கிச் சன்னல் வழியே நீட்டுவார். "வக்கீலம்மா, இந்தாங்க ஒங்க பாடப்புத்தகம்." விடுப்பு எடுத்த நாளின் தாளையும் மறுநாள் சேர்த்தே தருவார். எட்டு ஆண்டுகள் இது தவறியதில்லை.

ஓய்வு பெறப் பதினான்கு மாதங்கள் இருக்கையில், ஒரு விடுமுறை நாளில் அவர் என்னிடம் வந்து முக்காலியில் அமர்ந்தார். விருப்ப ஓய்வு கோரி மனு எழுதச் சொன்னார்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் ஒரு வருசந்தான இருக்கு. மாலை மரியாதையோட வெளிய வரலாம்ல?"

"மாலை சாயங்காலமே வாடிரும் தாயி. குண்டாத்துப் பாலத்துல நாளுக்கு நாலு தடவ போறேன். பாலம் இருக்கு, ஆத்தத்தான் காணோம். சித்திரையிலயும் தண்ணி ஓடுற ஆறு வடக்க இருக்குன்னு லாரி ஓட்டுற என் மச்சினன் சொல்றான். கண்ணும் கையும் ஒழுங்கா இருக்கயிலயே ஒரு லோடு ஏத்திக்கிட்டு நானே ஓட்டி அதத் தாண்டிப் பாத்துரணும்."

"மதினி என்ன சொல்றாக?"

"போயிட்டு வாங்கங்கிறா. இருபத்தாறு வருசமா ராத்திரிச் சோத்துக்குச் சரியா வந்து நிக்கிறேன்ல, அலுத்துப்போச்சாம்."

எழுதிய மனுவை மும்முறை உரக்கப் படித்துக் காட்டுவது என் வழக்கம். கையொப்பம் பெற்றபின் தேதியை மட்டும் விட்டுவைத்து, அஞ்சலில் சேர்க்கும் அன்று நானே அதனை இடுவேன். அவர் மனுவையும் அவ்வாறே வாசித்துக் காட்டினேன். "கேக்கயில எனக்கே இந்த ஆளுக்கு ஓய்வு குடுத்துரலாம்னு தோணுது" என்று சிரித்துக் கையெழுத்திட்டுச் சென்றார்.

அந்த மனுவை நான் அஞ்சலில் சேர்க்கவில்லை. தகரப் பெட்டியின் அடியில் வைத்தேன். குற்றம் ஏதும் இல்லாத மனிதர் முன்கூட்டியே விலகினால் ஊர் என்ன பேசும் என்று எனக்கு நானே காரணம் கூறிக்கொண்டேன். அது முழு உண்மையன்று. அவர் போய்விட்டால் எனக்கு நாளிதழ் தருவார் யார் என்பதே உண்மை.

"டிப்போவுக்கு ஒண்ணும் வரல. ஒங்களுக்கு எதுவும் பதிலு வந்துச்சா?" என்று அவ்வப்போது சன்னலிலிருந்து கேட்பார். "மேலிடத்துக் காரியம் அண்ணாச்சி, மெதுவாத்தான் வரும்" என்பேன். அவர் நம்பினார். என் எழுத்தின் மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மனு எழுதிய ஒன்பதாம் மாதம் வழக்கமான கண் பரிசோதனையில், உள்ளே அழுத்தம் மிகுந்து பக்கப் பார்வை குன்றிவிட்டதாகத் தெரிந்தது. போனது திரும்பாது, இனி வண்டி ஓட்டலாகாது என்றனர். எஞ்சிய ஐந்து மாதங்களை டிப்போவில் உட்கார்ந்தே கழித்தார். நான் விரும்பியபடியே மாலையுடன் ஓய்வு பெற்றார்.

மறுநாள் பயணியாக வந்து இறங்கினார். நான் பெட்டியைத் திறந்து மனுவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முகத்தருகே பிடித்து முழுவதும் படித்தார்.

"தேதி இல்ல" என்றார்.

மனுவை மடித்து என் மேசைமேல் வைத்தார். பிறகு, "அப்ப ஒம்பது மாசம் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். நிந்தனையாக அவர் சொன்னது அவ்வளவே. அதன் பின் நான் உறங்கிய இரவுகள் குறைவு.

அவர் எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். முக்காலியை இழுத்துப்போட்டு, வேறொரு கடிதம் எழுதச் சொன்னார். மச்சினனின் லாரி முதலாளிக்கு, தம்மைக் கிளீனராகச் சேர்த்துக்கொள்ளும்படி.

"அம்பத்தெட்டு வயசுலயா அண்ணாச்சி?"

"ஓட்டுறவன் தூங்காமப் பேச்சுக் குடுக்க ஆளு வேணும்ல. அந்த வேலைக்குக் கண்ணு எதுக்கு? வாயி போதும். இந்தத் தடவ தேதிய மொதல்ல போடுங்க."

முதலில் தேதியை இட்டேன். பழைய மனுவை அவர் எடுத்துச் செல்லவில்லை. "அது ஒங்கட்டயே கெடக்கட்டும்" என்றார்.

அதன்பின் ஒவ்வொரு பயணத்திலிருந்தும் எனக்கு ஓர் அஞ்சலட்டை வரும். அதில் ஊர்ப் பெயரும் தேதியும் மட்டுமே இருக்கும். தேதி எப்போதும் மேலே, பெரிதாக. எழுத்துகள் வரவரச் சரிந்துகொண்டே வந்தன.

அருப்புக்கோட்டையில் அவரை அடக்கம் செய்த ஐந்தாம் நாள், தபால்காரர் ஓர் அட்டையைக் கொணர்ந்தார். உச்சியில் தேதி. அதன்கீழ், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய எழுத்துகளில்: "நர்மதை. தண்ணி ஓடுதுன்னான் மச்சினன். பாலத்துல வண்டிய நிறுத்தச் சொல்லிக் காதால கேட்டேன். நல்லாருக்கு வக்கீலம்மா."

என்னிடம் அவருடையதாக எஞ்சியிருப்பவை இவை: தேதியில்லாத மனுவும், தேதியிட்ட அட்டைகளும். ஒரே தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பணியை விட்டு வேறொன்றைத் தேட விரும்பி எவர் வந்தாலும், ஏன் என்று நான் இப்போது வினவுவதில்லை. தேதியை இட்டுவிட்டே பெயரைக் கேட்கிறேன்.

ஒன்று பத்து வண்டியின் ஓசை கேட்டால் என் கை இன்னும் தானாகச் சன்னலை நோக்கி நீள்கிறது. புதிய ஓட்டுநருக்கு அதன் பொருள் தெரியாது. வண்டி வேகம் குறையாமல் குண்டாற்றுப் பாலத்தின் பக்கம் போகிறது.