பார்ட்டியோடு குடித்த கூல்டிரிங்ஸ்

எட்டாவது வரை படித்தவள் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்படி என்றால் மன்னியுங்கள். மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் மெத்தையில் உட்கார்ந்து சேலை விரித்துக் காட்டுவது என் வேலை. கல்யாணப் பட்டு எடுக்க வரும் பார்ட்டிக்கு முதலில் கூல்டிரிங்ஸ் தருவோம். கூடவே நாங்களும் குடிக்க வேண்டும். அப்போதுதான் அவர்கள் கூச்சமில்லாமல் குடித்து, நிதானமாக உட்கார்ந்து சேலை எடுப்பார்களாம். இது முதலாளி போட்ட சட்டம். முகூர்த்த நாட்களில் பத்து டம்ளராவது உள்ளே போகும். மெத்தையை விட்டு எழுந்திருக்கவும் நேரமிருக்காது.

போன ஆவணியில் சேலை மடித்துக்கொண்டிருந்தபோதே கண் இருட்டிச் சாய்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது என்றார்கள்.

"உடம்பு பெருத்துக்கினே போவுது. வாயக் கட்டுமா" என்றார் நர்ஸ்.

பார்க்க வந்த முதலாளி, "வூட்ல அப்படி இன்னாம்மா துன்றே? கடை மெத்தையே அமுங்கிப் போச்சு" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார்.

வீட்டில் நான் ராத்திரி சாப்பிடுவது இரண்டு இட்லி. பதினாறு வருஷ வேலையில் முதல்முறையாக முதலாளியிடம் எதிர்த்துப் பேசினேன்.

"வூட்ல இல்லண்ணா, உங்க கடைலதான். இனிமே குடிக்க மாட்டேன்."

"அப்ப பார்ட்டி எழுந்து போனா நீயும் வூட்டுக்குப் போயிடு" என்றார்.

இப்போதெல்லாம் மெத்தையில் தண்ணீர்தான் குடிக்கிறேன். ஒவ்வொரு பார்ட்டி போனதும் எழுந்து, மாடிப்படி ஏறி இறங்குகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையே வேலைக்குப் போனேன். முதல் பார்ட்டியோடு தண்ணீர் குடித்தேன். அவர்கள் மூன்று சேலை எடுத்தார்கள்.