மாமி பரணுக்கு வெச்ச ஃபேன்

நாகலட்சுமி மாமி காபி குடிக்கறதே நடந்துண்டுதான். டபரா அடுக்களைல இருக்கும், டம்ளர் ஹால்ல இருக்கும், மாமி பால்கனில நின்னு தெருவுல போற ஆட்டோக்காரனை அதட்டிண்டு இருப்பா. அலிப்பூர்ல ஒரு கவர்ன்மென்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. அங்கயும் அவ சேர்ல அவளை யாரும் பாத்ததில்லையாம். ஃபைலை இடுக்கிண்டு டேபிள் டேபிளா போய், "தாதா, சைன் கொருன், எக்குனி கொருன்"னு தலைமாட்டுல நிப்பாளாம். எக்குனின்னா பெங்காலில இப்பவே. மாமி அகராதில வேற நேரமே கிடையாது. அவளை அனுப்பறதை விட சைன் போடறது சுலபம்னு எல்லாரும் போட்டுடுவாளாம்.

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னாடி, எங்க வீட்டுக்கு எதிர் வீடு. கீழே வீட்டுக்கார சுப்ரியா காக்கிமா, மேலே மாமி. காக்கிமான்னா இந்த ஊர்ல சித்தி. மாமா போய் வருஷமாச்சு. எங்க ஜன்னலும் அவ ஜன்னலும் மூஞ்சிக்கு மூஞ்சி. அதனால எனக்கு மாமி ஆத்து விஷயம் தெரியணும்னா காதை மூடிக்காம இருந்தா போதும்.

அந்த வீட்டு மாடிக்கு மேல காங்கிரீட் கிடையாது. தகரக் கூரை. அதுக்குக் கீழ மரப்பலகை சீலிங். ரெண்டுக்கும் நடுவுல குனிஞ்சு நடக்கற அளவு இடம், அதுதான் பரண். ஏப்ரல் வந்தா அந்தப் பரண் அடுப்பு மாதிரி ஆயிடும். மாமி ஸ்டூல் மேல ஏறி சீலிங் பலகையைத் தொட்டுப் பாத்துட்டு, "இதுல தோசை வார்க்கலாம்டி, திருப்பிப் போடத்தான் வழியில்லை"ம்பா. சிரிப்பாத்தான் இருந்தது, இந்த வருஷம் அவ அடுக்களைல மயங்கி விழற வரைக்கும்.

பெங்களூர்லேர்ந்து பையன் ஸ்ரீநாத் ஃபோன், ஸ்பீக்கர்ல. அவன் அம்மாகிட்ட பேசறதே மீட்டிங் மாதிரி இருக்கும். "அம்மா, ஃபர்ஸ்ட் பாயிண்ட், உனக்கு வயசாச்சு. செகண்ட் பாயிண்ட், அது வீடு இல்லை, மைக்ரோவேவ். ஜூன்ல வரேன். மத்தியானம் அந்த ஹால்ல உக்காருவேன். என்னால உக்கார முடியலைன்னா நீ என்னோட கிளம்பற. ஓகேயா? ஓகே. க்ளோஸ்."

"க்ளோஸாமே! நான் என்ன ஃபைலா?"ன்னு மாமி ஜன்னல்ல நின்னு எங்கிட்ட கத்தினா. ஆனா முகம் வெளுத்துப் போச்சு. போன வருஷம் அவன்கிட்ட மூணு மாசம் இருந்துட்டு வந்தவ. பதினாலாவது மாடி. கீரைலேர்ந்து மாத்திரை வரைக்கும் வாசக் கதவுக்கு வந்துடும். எங்கயாவது போகணும்னா மருமக ஃபோன்ல வண்டி போட்டுக் குடுக்கணும், கீழ கேட்ல ஒருத்தன் பேர் கேப்பான், திரும்பி வந்தா மறுபடி கேப்பான். "எனக்குக் கால்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னே அங்க யாருக்கும் தெரியலைடி"ன்னா. இங்க அவ காலம்பற காய்கறி, அப்புறம் பாங்க், அப்புறம் பஸ் பிடிச்சு யாரையாவது பாத்து சண்டை, சாயங்காலம் சமாதானம். அதை விட்டுட்டுப் போகணும்னா அவளுக்கு எப்படி இருக்கும்.

ஏசி போட முடியாது. ஒரு தடவை வாடகைக்கு ஒண்ணு கொண்டுவந்து மாட்டினா. ஸ்விட்சைப் போட்ட உடனே கீழ் வீடு, மேல் வீடு, மாடிப்படி எல்லாம் ஃப்யூஸ். கீழேர்ந்து சுப்ரியா காக்கிமா, "லக்கி தீ, நீ ஐஸ் பண்ணினியா, அமாவாசை பண்ணினியா?"ன்னு கேட்டது தெரு முழுக்கக் கேட்டுது. மாமி அவளுக்கு லக்கி தீ, அதாவது லட்சுமி அக்கா. அந்த வீட்டு வயரிங் அவ்வளவு பழசு.

அப்போதான் ஒருநாள் மாமி கிடர்பூர் பக்கம் யாரையோ பாக்க பஸ்ல போயிண்டிருந்தா. ஒரு கோடவுன் கூரைக்குக் கீழ, சுவர்ல ஃபேன் சுத்தறது கண்ணுல பட்டுது. அடுத்த ஸ்டாப்ல குதிச்சு, லாரிக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவுல திரும்பி நடந்து, வாட்ச்மேனைப் பிடிச்சு விசாரிச்சுட்டு வந்தா. பாக்கப் போனவாளைப் பாக்கவேயில்லை. "சூடு மேலதான்டி போய் உக்காந்துக்கறது. அதைப் பிடிச்சு வெளில தள்ளிட்டா கீழ நாம பிழைச்சோம்."

மறுநாளே மார்க்கெட்லேர்ந்து எலக்ட்ரீஷியன் நரேன் வந்தான். வெத்தலையை ஒரு கன்னத்துல ஒதுக்கிண்டு எல்லாத்துக்கும் ஒரே பதில்: "கோனோ சாப் நேய், மாஷிமா." கவலையே வேண்டாமாம். சுவத்துல ஓட்டை போடலாமா? கோனோ சாப் நேய். மேல எலி இருக்குமே? கோனோ சாப் நேய். நீ ஏணிலேர்ந்து விழுந்தா? அதுக்கும் அதேதான். தெருப் பக்கம் பரண் சுவர் முக்கோணமா முடியற இடத்துல ஓட்டை போட்டு, ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டி, ஸ்விட்சை அடுக்களை வாசல்ல வெச்சான். மாமி கீழேர்ந்து டார்ச் அடிச்சுண்டே, "ஸோஜா, ஸோஜா! கோணலா இருக்கு!"ன்னு விடாம கத்தினதுல ஃபேன் நேரா உக்காந்துது. நரேனோட வெத்தலைதான் கீழ விழுந்துது.

ஸ்விட்சைப் போட்டா. சும்மா சொல்லக்கூடாது, ப்ளேன் கிளம்பற சத்தம்.

பாத்ரூம் கதவு படார்னு மூடிண்டுது, இழுத்தா திறக்கலை. மாமி பெருமாளுக்கு ஏத்தி வெச்ச ஊதுபத்திப் புகை படுத்துண்டே போய் சீலிங்ல இருந்த பரண் கதவு சந்துக்குள்ள ஏறிப்போச்சு. மாடிப்படிக் கதவுக்கு அடியில இருந்த இடுக்கு வழியா விசில் மாதிரி ஒரு காத்து. அந்தக் காத்தோட, கீழ சுப்ரியா காக்கிமா கடுகு எண்ணெய்ல வறுத்துண்டிருந்த ரூய் மீன், தலையோட வாலோட, மாமி ஹாலுக்குள்ள வந்து நின்னுது.

"டேய் நரேன்! ஃபேன் போடச் சொன்னா மீனைக் கொண்டுவந்து கொட்டறியேடா!" பதட்டத்துல மாமி சுத்தத் தமிழ்ல திட்டினா. நரேனுக்கு ஒண்ணும் புரியலை, தொனி புரிஞ்சுது. "ஃபேன் டிக் ஆச்சே, மாஷிமா. பாடிட்டா காராப்." ஃபேன் சரியா இருக்காம், வீடுதான் சரியில்லையாம். இன்னொரு ஃபேன் போட்டா சரியாயிடும்னுட்டு பையைத் தூக்கிண்டு போயிட்டான்.

அப்புறம்தான் நிஜமான அவஸ்தை. ஃபேன் ஓடினா மீன். நிறுத்தினா வேர்வை. ஓட்டினாலும் சீலிங் அதே தோசைக்கல்தான். மாமி மத்தியானம் பூரா ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடப்பா, ஸ்டூல்ல ஏறித் தொட்டுப் பாப்பா, இறங்குவா, மறுபடி ஏறுவா. ஸ்ரீநாத் டிக்கெட் போட்டாச்சுன்னு ஃபோன் பண்ணினான். "உனக்கும் ரிட்டர்ன் பாத்து வெச்சிருக்கேன்மா, புக் பண்ணலை. ஜஸ்ட் ஆன் ஹோல்ட்." மாமி ஃபோனை வெச்சுட்டு நேரா ஜன்னலுக்கு வந்தா.

"ஏண்டி, என்ன பண்ணிண்டிருக்கே? டார்ச்சை எடுத்துண்டு வா. எக்குனி!"

நான் ஏணியைப் பிடிச்சுக்க, புடவையை இழுத்துச் செருகிண்டு மாமி பரண்ல ஏறிட்டா. "ஃபேன் ஸ்விட்சைப் போடு"ன்னு உத்தரவு. போட்டேன். டார்ச் வெளிச்சம் மட்டும் மேல அலையறது. மாமிகிட்டேர்ந்து சத்தம் இல்லைன்னா பயமா இருக்கும். "மாமி?"

"ஏறி வாடி. இங்க உங்க மாமாவோட வேஷ்டி மூச்சு வாங்கறது."

வெயில்ல எனக்கும் மயக்கம் வந்துடுத்தோன்னு நினைச்சேன். ஏறிப் பாத்தா, நிஜம்தான். ஃபேனுக்கு எதிர்ச் சுவர்ல வரிசையா காத்தோட்ட ஓட்டை. இந்த ஊர்ப் பழைய வீட்டுல எல்லாம் இருக்கும், குல்குலின்னு பேர். எல்லா ஓட்டையும் அடைச்சிருந்தது. ஒண்ணுல மாமாவோட வேஷ்டி, ஒண்ணுல ஸ்ரீநாத்தோட ஸ்கூல் யூனிஃபார்ம், ஒண்ணுல பழைய பஞ்சாங்கம் கட்டுக் கட்டா. ஃபேன் இழுக்க இழுக்க அந்த வேஷ்டி உள்பக்கமா உப்பி உப்பி அடங்கறது. ஓரத்துல இருந்த சின்ன இடைவெளில காத்து கீச்சுன்னு கத்தறது.

அடைச்சது யாரு? மாமியேதான். அந்தச் சுவருக்கு நேர் கீழதான் சுப்ரியா காக்கிமா அடுக்களை. கல்யாணமாகி வந்த புதுசுல மீன் வாசனை தாங்காம அடைச்சவ, ஒவ்வொரு வருஷமும் கொலு முடிஞ்சு பொம்மையைப் பரண்ல ஏத்தினதும், ஓட்டை எதாவது திறந்திருக்கான்னு பாத்து இன்னும் நாலு துணியைத் திணிச்சுட்டுத்தான் இறங்குவாளாம். நவராத்திரில சுண்டல் மாதிரி அதுவும் ஒரு சம்பிரதாயம்.

"கழுத்தை நானே நெரிச்சு வெச்சிருக்கேன். மூச்சு விடு மூச்சு விடுன்னு நரேனைப் போட்டுத் திட்டறேன்"ன்னா மாமி. காத்து வர வேற வழியில்லாம அந்த ஃபேன் மாடிப்படி இடுக்கு வழியா மீனை இழுத்திருக்கு.

உடனே வேஷ்டியைப் பிடிச்சு இழுக்கப் போனா. கை பாதில நின்னுடுத்து. சுவர் ஓரத்துல தகர டிரங்குப் பெட்டி அடுக்கு. கொலு பொம்மை. ஓட்டையைத் திறந்தா மீன் புகை நேரா அந்தப் பெட்டி மேலதான் படும். ராமர், மீனாட்சி, அஷ்டலட்சுமி, எல்லாரும் தினம் ரெண்டு வேளை கடுகு எண்ணெய்ல.

"தசாவதாரத்துல முதல் ஆளுக்கு ஒண்ணும் தோணாது மாமி. சொந்தக்காரா வந்திருக்கான்னு நினைச்சுப்பார்"னேன்.

"வாயை மூடுடி அதிகப்பிரசங்கி!" ஆனா முந்தானையை வாய்ல வெச்சுண்டா. அப்புறம் பெட்டியையும் ஓட்டையையும் மாத்தி மாத்திப் பாத்துண்டு, குனிஞ்சபடியே அந்தப் பரண்ல இப்படியும் அப்படியும் நடந்தா. எனக்கு வேர்த்துக் கொட்டறது. அவ முகத்துல வேர்வையா வேற ஏதாவதா தெரியலை. கடைசியா, "பிடி, முதல் பெட்டியை இறக்கு"ன்னா. "பெருமாள் கீழ வரட்டும். நான் இங்க இருந்தாத்தானே அவருக்குப் படி கட்ட முடியும்?"

பெட்டி எல்லாத்தையும் இறக்கி ஹால்ல வரிசையா வெச்சோம். ஓட்டைலேர்ந்து பிடுங்கின துணியை எல்லாம் பரண் கதவைச் சுத்தி இருந்த சந்துல திணிச்சா மாமி. ஸ்விட்ச் போட்டா. கதவு படார்னு அடிச்சுக்கலை, விசில் இல்லை. மீன் வாசனை மேலயே நுழைஞ்சு மேலயே தெருவுக்குப் போயிடுத்து. எங்க வீட்டுக்குத்தான் வந்துது. அதை நான் இன்னும் அம்மாகிட்ட சொல்லலை.

மறுநாள் மத்தியானம் ஸ்டூல் மேல ஏறிப் பலகையைத் தொட்டா. கையை எடுக்கலை. வெச்சுண்டே இருந்தா.

ஸ்ரீநாத் வந்த நாள்தான் ஜாமாய் ஷஷ்டி. மாப்பிள்ளைகளுக்கு மாமியார் விருந்து போடற பண்டிகை. சுப்ரியா காக்கிமாவோட மாப்பிள்ளை வெள்ளை ஜிப்பால வந்து இறங்கிட்டான். கீழ இலீஷ் மீன், இறால், என்னென்னவோ. வெயிலும் சும்மா இல்லை, அதுவும் அன்னிக்குத்தான் விருந்துக்கு வந்த மாதிரி.

ஸ்ரீநாத் ஹாலுக்குள்ள நுழைஞ்சான், வரிசையா இருந்த டிரங்குப் பெட்டியைப் பாத்தான், முகம் மலர்ந்து போச்சு. "அம்மா! பேக்கிங்கே முடிச்சுட்டியா? வெரி குட் டிசிஷன்!" ஃபோனை எடுத்துட்டான், டிக்கெட் புக் பண்ண.

"கையை எடுடா! அது பகவானோட சாமான்."

"அவரும் வராரா? லக்கேஜ் எக்ஸ்ட்ரா ஆகும்மா."

"யாரும் எங்கயும் வரலை. நீ சொன்னியோல்லியோ, உக்காரு. உக்காந்து காட்டு."

உக்காந்தான். நான் எங்க ஜன்னல்ல வெறும் வேடிக்கை. மாமி அவனைச் சுத்தி வர்றா. "வேர்க்கறதா?" இல்லை. அடுக்களைக்குப் போய்ட்டு வந்தா. "இப்போ?" இல்லைம்மா. "முதுகுல?" "நீ நடக்கறதைப் பாத்தாத்தான் எனக்கு வேர்க்கறது." அவன் மூக்கை உறிஞ்சினான். "மீன் வாசனை வரதோ?" "தலைக்கு மேல போறது. உன் வழிக்கு வரலை, நீயும் அது வழிக்குப் போகாதே."

கொஞ்ச நேரத்துல அவன் பேச்சு நின்னு போச்சு. சேர்லயே தலையைச் சாய்ச்சுண்டு வாயைத் திறந்துண்டு தூங்கறான். மாமி எனக்குக் கையால சைகை காட்டறா: சத்தம் போடாதேங்கறா. நான் எங்க போட்டேன்! அப்புறம் அவ கிட்டப் போய் உத்துப் பாக்கறா. அவன் நெத்தி ஓரத்துல ஒரே ஒரு வேர்வைத் துளி. மாமி சுத்துமுத்தும் பாத்துட்டு, முந்தானை நுனியால அதை மெதுவா ஒத்தி எடுத்துட்டா.

அவன் முழிச்சுண்டான். "என்னம்மா?"

"கொசு."

"சூடாத்தான் இருக்கு"ன்னான். மாமி அப்படியே நின்னா. அவன் சீலிங்கைப் பாத்தான், பெட்டிகளைப் பாத்தான், அம்மாவைப் பாத்தான். எவ்வளவு நேரம் தூங்கினேன்னு கேட்டான். மாமி முந்தானையை இடுப்புல செருகிண்டா. "ஆனா தூங்கிட்டேன், இல்ல?" ஃபோனை எடுத்து எதையோ தட்டினான். "சரி. என் டிக்கெட் மட்டும் இருக்கட்டும். அடுத்த வருஷம் மறுபடி பாக்கலாம்."

"பாக்கலாம்னா? வருஷா வருஷம் பரீட்சையா?"

"ஆமாம். காபி இருக்கா?"

மாமி காபி போடப் போகலை. பால்கனிக்குப் போனா. அந்தப் பக்கம், தெற்கால, வானம் ஒரு மாதிரி கறுத்துண்டு வந்திருந்தது. ஃபேன் போட்ட ஓட்டையை அண்ணாந்து பாத்தா, என்னையும் பாத்தா, முகம் மாறிடுத்து.

"ஏண்டி, மழை வந்தா இது வழியா உள்ள அடிக்குமே! இந்த மழைக்காலம் பூரா நான்தானே துடைக்கணும்?" நான் பதில் சொல்றதுக்குள்ள ஃபோன் காதுக்குப் போயாச்சு. "ஹலோ, நரேன்? அந்த ஃபேனுக்கு மேல ஒரு சின்னத் தகரம் வேணும். நாளைக்கா? நாளைக்கு எதுக்கு? மழை வரதுடா, இப்பவே வா!"