நின்றுபோகாத அழைப்பு

சொரைடா முப்பத்தொரு வருடம் சியென்ஃபுயேகோஸ் துறைமுகத்தில் கப்பலேறும் சர்க்கரைக்கு எடைச்சீட்டு எழுதியவள். எடைக்கருவியின் எண் ஆடி அடங்கும்வரை காத்திருப்பதுதான் அந்த வேலையில் பாதி. கணவன் இலாரியோ படுத்த படுக்கையானபோதும் அந்தப் பொறுமை கைகொடுத்தது. பிப்ரவரியில் அவன் போன பிறகு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. காபியை இன்னும் இரண்டு பேருக்குத்தான் போட்டாள்; ஆறிப்போன இரண்டாவது கோப்பையையும் அவளே குடித்தாள்.

ஒரே மகள் யனெலிஸ் கடல் கடந்து மான்டெவிடியோவில் இருந்தாள். அப்போது நிறைமாதம்; அப்பாவின் அடக்கத்துக்கு வர முடியவில்லை. ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கணினியில் முகம் பார்த்துப் பேசுவாள். செத்துப்போன பல கணினிகளின் உறுப்புகளைச் சேர்த்து இலாரியோ கட்டிய கணினி அது. மெமரி மொத்தமே ஒரு ஜி.பி. ஐந்தாறு நிமிடத்தில் மகளின் முகம் வாய் திறந்தபடி உறைந்துவிடும். பிறகு திரை நீலமாகி எல்லாம் விழும். வாரம் முழுக்கக் காத்திருந்தது அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான்.

இப்போதிருக்கும் மெமரித் துண்டுகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள் மகள். கீழ்த்தளத்தில் கணினி பழுதுபார்க்கும் ஓஸ்மெல் தன் கைப்பேசியில் எடுத்து அனுப்பினான். இரண்டு மாதம் கழித்து, ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் பெட்டியில், குழந்தையின் காலுறைக்குள் சுருட்டிய இரண்டு துண்டுகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் நான்கு ஜி.பி.

சொரைடா ஓஸ்மெலுக்காகக் காத்திருக்கவில்லை. சலவை இயந்திரத்தின் மோட்டாரை மின்விசிறியில் போட்டு ஓட்டும் ஊர் அது. பொருந்தினால் ஓடும் என்பதுதான் அங்கே எல்லோருக்கும் தெரிந்த தொழில்நுட்பம். துண்டின் பள்ளம் போர்டின் மேட்டில் சரியாகத்தான் உட்கார்ந்தது. இரு கட்டைவிரலாலும் அழுத்திவிட்டுக் கணினியைப் போட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. கணினிக்குள்ளிருந்து நீளமாக ஒரு அலறல், இடைவெளி, மறுபடி அலறல். பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டினார்கள்.

ஓஸ்மெல் மூச்சு வாங்க மேலே வந்தான்.

"ஏன்க்கா, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா? நான் என்ன ஹவானாவுலயா குடியிருக்கேன்?"

"பள்ளம் பொருந்துச்சே தம்பி."

"செருப்பு கால்ல நுழைஞ்சா போதுமா, நடக்க வேணாமா?" துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துகளைப் படித்தான். "இது வேற கம்பெனி பிராசசர் இருக்கற போர்டுலதான் ஓடும். அதான் கடைக்காரன் பாதி விலைக்குக் கொடுத்திருப்பான். உங்க போர்டு இத மெமரின்னே ஒத்துக்காது."

"அவகிட்ட சொல்லிடாதே."

"நான் ஏன் சொல்றேன்? தூக்கிப் போட்டுடாதீங்க. மாத்திக்கலாம்."

வீட்டுக்கு வீடே பண்டமாற்றாகும் ஊரில் இதற்கு ஆள் கிடைப்பதா கஷ்டம்? மூன்றாம் நாள், புன்தா கோர்தா பகுதியில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவன் அகப்பட்டான். அவனிடம் அந்த வேறு வகை போர்டு இருந்தது. மகள் அனுப்பியதை வாங்கிக்கொண்டு, சொரைடாவின் கணினிக்கு ஒத்துவரும் இரண்டு ஜி.பி. துண்டுகள் இரண்டும் ஒரு சீப்பு வாழைக்காயும் கொடுத்தான்.

பழையது இரண்டு, புதியது இரண்டு. நான்கு இடமும் நிரம்பி, கணினி ஐந்து ஜி.பி. என்று காட்டியது. அரை மணி நேரத்தில் திரை நீலமானது.

ஓஸ்மெல் மெமரியைச் சோதிக்கும் நிரல் ஒன்றை ஓடவிட்டுப் போனான். சொரைடா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஏறும் எண்களைப் பார்த்தாள். இரண்டு முறை மின்சாரம் போய், இரண்டு முறை பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை வீட்டில் யாரோ மெல்ல மூச்சுவிடுவது போலிருந்தது. அதனால் அவளுக்கு அவசரம் தோன்றவில்லை. மதியத்துக்குமேல் சிவப்பு வரிகள் மளமளவென்று விழுந்தன.

"பழசு ரெண்டும் வேற வேகம், வேற வோல்டேஜ்" என்றான் ஓஸ்மெல். "நாலும் ஒத்துப்போகாது. இலாரியோ அண்ணன் போட்டதக் கழட்டியாகணும்."

"அத மட்டும் விட்டுடேன்டா. அவர் கையால வெச்சது."

"விட்டா ஞாயித்துக்கிழமை மறுபடி விழும். அப்புறம் என்னத் திட்டுவீங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அவளே கழற்றினாள். புதியவை மட்டும் ஓடியபோதும் ஒரு சிவப்பு வரி வந்தது. ஓஸ்மெல் செட்டிங்ஸில் வேகத்தை எண்ணூறிலிருந்து அறுநூற்று அறுபத்தேழுக்கு இறக்கினான். "கொஞ்சம் மெதுவாப் போகும். ஆனா விழாது." மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓடியது. ஒரு வரிகூட விழவில்லை.

ஞாயிறு நான்கு மணி. ஆறு நிமிடம் தாண்டியது. பத்து, இருபது. திரையில் பேரன் மகளின் மடியில் குதித்தான். அவனுக்குப் புதிதாய் முளைத்த பல்லைப் பார்த்தாள்.

"நான் அனுப்பினது எப்படிம்மா ஓடுது?"

"ராஜா மாதிரி."

பிறகு குளிர், கத்தரிக்காய், பேரனின் சளி. இருபத்தைந்தாம் நிமிடத்தில் பேச்சு தீர்ந்தது. இதுவரை பேச்சை முடித்துவைத்ததெல்லாம் கணினிதான். 'அடுத்த வாரம் பேசலாம்' என்று நினைத்து இருவரும் எழுந்துவிடுவார்கள். இன்று அது முடித்துவைக்கவில்லை.

"அம்மா, நின்னுடுச்சா?"

"இல்லடி, இருக்கேன்."

யனெலிஸ் குழந்தையின் தலைமுடியைக் கோதினாள். "கடைசியில அப்பா என்னக் கேட்டாரா?"

சொரைடாவின் கை மேசைக்குக் கீழே போனது. பிளக்கைப் பிடுங்கினாள்.

விசிறி சுற்றி அடங்கியது. கீழே யாரோ டொமினோ பலகையில் ஓங்கித் தட்டினார்கள். அவள் இருண்ட திரைமுன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பதில் தெரியாமல் இல்லை.

பத்து நிமிடம் இருக்கும். குனிந்து பிளக்கைச் செருகினாள். கணினி சின்னதாக ஒருமுறை ஒலித்து எழுந்தது. முதல் மணியிலேயே மகள் எடுத்தாள்.

"கரண்ட் வந்துடுச்சாம்மா?"

"கரண்ட் போகவே இல்ல. நான்தான் பிடுங்கினேன்."

யனெலிஸ் குழந்தையின் தலையிலிருந்து கையை எடுத்தாள்.

"கேட்டார்டி. கடைசி ரெண்டு நாளும் கேட்டார். 'அவ வந்துட்டே இருக்கா'ன்னு சொல்லிட்டே இருந்தேன். கதவையே பாத்துட்டுப் படுத்திருந்தார்."

யனெலிஸ் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "சொல்லும்மா" என்றாள்.